இரண்டாவது டிராக்

பழனாயியின் உதடு பிரிகிற இடத்தில் அன்புசெல்வி படத்தை நிறுத்திக் கத்தரித்தாள். அதற்கு முன்னால் இருந்த இருமல், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது, "இதப் பாத்துப் பேசோணுங்களா, உங்களப் பாத்துங்களா?" என்று கேமராவையும் பக்கத்தில் நின்ற கம்பெனி அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தது, எல்லாம் போயிற்று. இனி படத்தில் பழனாயி வந்ததும் வராததுமாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். நேரில் அவள் அப்படிச் சட்டென்று வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

பல்லடம் ரோட்டில் இருக்கும் ஒரு நெசவுக் கம்பெனிக்கான படம் அது. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு, எங்கள் ஷெட் இப்படி, எங்கள் ஆட்கள் இப்படி என்று காட்டுவதற்கான சின்னப் படம். திருப்பூரில் டேனியலின் ஸ்டுடியோவுக்குக் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் போக எப்போதாவது இந்த மாதிரி வேலையும் வரும். டேனியல் படம் பிடிப்பார். அவர் மனைவி பிரிசில்லா முன் அறையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவாள், போனை எடுப்பாள். உள்ளே ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது அன்புசெல்வியின் வேலை.

திரையில் மேலே படம், கீழே ஒலி. முதல் டிராக்கில் பழனாயியின் சேலையில் குத்திய மைக்கில் பதிந்த பேச்சு. இரண்டாவது டிராக்கில் கேமரா தானாகப் பிடித்த ஷெட் சத்தம், அத்தனை தறியும் ஒன்றாக ஓடுகிற சத்தம். மூன்றாவதில் புல்லாங்குழல். தறியில் பாவு நூல் விரித்த மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோடுகள். கம்பெனியின் எச்ஆர் அதிகாரி மாதவன் போகும்போது ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனான்.

"தறிச் சத்தம் ஒரு பொட்டு கூடக் கேக்கக் கூடாதுங்க. மியூசிக்கும் பேச்சும் போதும்."

அதனால் இரண்டாவது டிராக்கை மியூட் செய்துதான் வேலையைத் தொடங்கினாள். பேச்சு டிராக்கில் ஒட்டிக்கொண்டிருந்த இரைச்சலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பழனாயி பேசி முடித்த பிறகும் கேமரா சிறிது நேரம் ஓடியிருந்தது. ஒரு கை பிளாஸ்டிக் கவரோடு படத்துக்குள் வருகிறது. பழனாயி காதிலிருந்த ஆரஞ்சு நிற அடைப்பான்களைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, கவருக்குள் போடுகிறாள். அடுத்த தறிக்காரிக்கு அந்தக் கை நகர்கிறது. அன்புசெல்வி அந்தக் கை வருவதற்கு முன்னாலேயே வெட்டினாள். அதுவும் மாதவன் சொல்லிவிட்டுப் போனதுதான்.

பழனாயியை அவளுக்கு நன்றாகவே தெரியும். இருவரும் பல்லடத்தில் ஒரே குடோனில் பக்கத்துப் பக்கத்துத் தறி ஓட்டியவர்கள். அன்புசெல்வி பள்ளிக்கூடத்தை விட்டு நேராகத் தறிக்குப் போனவள். நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்கிற சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே பேச்சு என்பது வாயசைவும் கையசைவும்தான். உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினால் பொறு. இரண்டு விரலை உருட்டினால் நூல் தீரப்போகிறது. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. வம்பு பேசுவதற்குக் கூட அது போதுமானதாக இருந்தது.

பிறகு முதலாளி தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். பழனாயி பெரிய கம்பெனிக்குப் போனாள். அன்புசெல்வியின் புருஷன் கந்தவேல் பாவு உருளையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டவன். அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. வீடு அவள் ஒருத்தியின் தலையில் விழுந்தது. ஆல்பத்தில் போட்டோ ஒட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த ஸ்டுடியோவுக்கு வந்தாள். எடிட் செய்துகொண்டிருந்தவன் சென்னைக்குப் போனதும் பிரிசில்லா அவளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"நீ வாயப் பாத்தே எல்லாத்தையும் புரிஞ்சிக்கிடுதியே. பேசுறவங்க வாயப் பாத்து வெட்டணும், அவ்வளவுதான் வேல" என்றாள்.

அவ்வளவுதான் வேலை இல்லை. ஆனாலும் அன்புசெல்வி கற்றுக்கொண்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, குளிர்ந்த அறை, கேட்காமலேயே மேஜைக்கு வரும் டீ. காலையில் கம்ப்யூட்டரைப் போடுவதற்கு முன்னால் மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். டேனியல் பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தறி நின்று வருஷங்கள் ஆகியும் அவள் காதுக்குள் தறி நிற்கவில்லை. குடோன் வாசலில் நின்றால் எப்படிக் கேட்குமோ அப்படி ஒரு சீரான இரைச்சல், விழித்திருக்கும் நேரமெல்லாம். அவள் அதை ஒரு வியாதியாகவே நினைத்ததில்லை. தறிக்காரர்கள் எல்லோருக்கும் இருப்பதுதான், முடி நரைக்கிற மாதிரி. ஆனால் ஹெட்போன் மாட்டிச் செய்கிற வேலைக்கு இந்தக் காதோடு வந்திருக்கிறோம் என்று தெரிந்தால் யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் இருந்தது. மேளம், நாதஸ்வரம், மைக்கில் பிரசங்கம் என்று இதுவரை வந்தது எல்லாமே காதுக்குள் இருக்கும் தறியைத் தாண்டிக் கேட்கிற சத்தங்கள். வேலை பிசகாமல் ஓடிற்று. தறியே படமாக வந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு இடத்தில் பழனாயியின் உதடும் பேச்சும் ஒட்டாமல் நின்றன. சரிபார்க்க இரண்டாவது டிராக்கின் மியூட்டை எடுத்துவிட்டு, நாடா அடிப்பதையும் படத்தையும் வைத்துப் பேச்சை நகர்த்தினாள். பொருந்திவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மியூட்டைத் திரும்பப் போட மறந்துவிட்டாள். ஹெட்போனில் முழுப் படத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். புல்லாங்குழல் கேட்டது, பழனாயி பேசியது கேட்டது, அதோடு எப்போதும் கேட்கிற தறியும் கேட்டது. நன்றாக வந்திருக்கிறது என்று பிரிசில்லாவிடம் சொன்னாள்.

மறுநாள் மதியம் மாதவன் வந்தான். முன் அறையில் பெரிய டிவியில் படத்தைப் போட்டார்கள். டேனியல், மாதவன், பிரிசில்லா மூவரும் சோபாவில் உட்கார, அன்புசெல்வி பின்னால் சுவரோரம் நின்றாள். கம்பெனியின் பெயர் வந்தது. புல்லாங்குழல் வந்தது. ஷெட்டின் கதவு திறந்தது. மாதவன் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிரிசில்லா காதைப் பொத்தினாள். அன்புசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. பழனாயி எவ்வளவு அழகாகத் தெரிகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். டேனியல் திரும்பி அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதட்டைப் பார்த்துத்தான் அது "நிப்பாட்டு" என்று அவளுக்குத் தெரிந்தது.

"என்னங்க சார் இது?" என்றான் மாதவன். "ஒரே தறிச் சத்தமா இருக்குது. இதத்தான வேண்டாம்னு சொன்னேன்?"

டேனியல் அன்புசெல்வியைப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டாவது டிராக்க மியூட் பண்ணலயா?"

"பண்ணுனனுங்கண்ணா. மறுக்காப் போட மறந்திட்டனாட்ட இருக்குதுங்க."

"சரி, மறந்துட்ட. ஓட்டிப் பாத்தப்போ இவ்வளவு சத்தம் உனக்குக் கேக்கலயா?" இதைக் கேட்டது பிரிசில்லா.

அன்புசெல்வி சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். பொய் சொல்லலாம். என்ன பொய் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"கேட்டுதுங்கக்கா" என்றாள். "எப்பவும் கேக்கறதுதானுங்களே. என்ற காதுல இருக்கற சத்தம்னு நெனச்சுட்டனுங்க."

மாதவன்தான் முதலில் பேசினான். கெட்டவன் இல்லை, மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆடிட்டுக்கு முன்னாடி பையருக்குப் போற வீடியோ இது. அவுங்க இந்தச் சத்தத்தக் கேட்டாங்கன்னா, ஷெட்ல நாய்ஸ் லெவல் என்னன்னுதான் மொதக் கேள்வி கேப்பாங்க."

"ஷெட்ல சத்தம் இருக்கத்தானே தம்பி செய்யும்?"

"ஷெட்ல இருக்கட்டும் சார். படத்துல வேண்டாம்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "அந்த அக்காவ இந்த வேலைக்கு வெக்காதீங்க. காது சரியில்லாதவங்கள வெச்சு ஆடியோ பண்ணுனா இப்படித்தான் ஆகும்."

குரலைத் தாழ்த்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்புசெல்வி அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அங்கே நிற்காமல் உள்ளே போனாள். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள். நாற்காலியின் முதுகில் போட்டிருந்த துண்டை மடித்தாள். கந்தவேலிடம் என்ன சொல்வது, மகளின் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே குடையைத் தேடினாள்.

பிரிசில்லா வந்து கதவை மறித்து நின்றாள். "எங்க கெளம்புத?"

"இல்லீங்கக்கா, இனி எப்படிங்க..."

"மொதல்ல உக்காரு. அண்ணன் என்ன சொன்னாருன்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட, பாதியில வந்துட்டல்லா." பிரிசில்லா அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். "ரெண்டே நாள்ல சுத்தமாத் தாரேன், ஆனா வேலைய அந்தப் புள்ளதான் பாக்கும்னு சொல்லிட்டாரு. அந்தத் தம்பியும் சரின்னு போயிட்டாரு."

அன்புசெல்வி அழுதுவிட்டாள். மடித்த துண்டு அதற்குத்தான் உதவிற்று.

"எத்தன நாளா இப்படி?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"தறிக்குப் போன காலத்துல இருந்துங்க. தறிக்காரங்க எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே."

"எல்லாத்துக்குமா?"

"ஆமாங்க. எங்க குடோன்ல எல்லாத்துக்கும்."

அன்று சாயங்காலமே பிரிசில்லா அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். போனது போனதுதான், இனிமேலாவது சத்தத்தில் இருக்காதீர்கள் என்றார் டாக்டர். "இப்ப ஏசி ரூம்ல தானுங்க இருக்கறேன்" என்று அன்புசெல்வி பெருமையாகச் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கந்தவேலிடம், அந்த ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அடுத்த நாள் டேனியல் கம்பெனிக்குப் போய், ஆபீஸ் அறையில் கதவையெல்லாம் சாத்திவிட்டு, பழனாயியை அதே வார்த்தைகளைத் திரும்பச் சொல்லவைத்துப் பதிந்துகொண்டு வந்தார். கதவு திறக்கிற சத்தம் கூட இல்லாத பேச்சு. முன்னால் ஷெட்டில் அசைந்த உதட்டுக்கு இந்தப் புதிய பேச்சைப் பொருத்தியாக வேண்டும். அது அன்புசெல்விக்குக் கைவந்த வேலை. உதட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சொல் சொல்லாக நகர்த்தினாள்.

"கம்பெனியில எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நல்லாப் பாத்துக்கறாங்க. ரொம்ப நன்றிங்க."

மாதவன் எழுதிக் கொடுத்ததுதான். ஆனாலும் பழனாயி சொல்லும்போது மனதிலிருந்து சொல்கிற மாதிரியே இருந்தது. பழனாயி எதையும் மனதிலிருந்துதான் சொல்வாள்.

பிரிசில்லா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு புது ஏற்பாடு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு டிராக்குக்கும் பக்கத்தில் மீட்டர் இருக்கிறது. சத்தம் இருந்தால் பச்சைக் கோடு எழும்பும், இல்லாவிட்டால் படுத்துக் கிடக்கும்.

"நீ கண்ணால பாரு. கடைசியா ஒரு தடவை நான் காதால கேக்கேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு" என்றாள். சர்ச்சில் பாடுகிற காது அவளுடையது. ஒரு பிசிறு இருந்தாலும் பிடித்துவிடும்.

இரண்டாவது டிராக்கை மியூட் செய்ததோடு அன்புசெல்வி விடவில்லை. முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தே விட்டாள். பல்லடம் ரோட்டுத் தறிகள் எல்லாம் படத்தில் ஓடின, நாடா பறந்தது, துணி இறங்கிற்று, மீட்டர் அசையவில்லை. பிரிசில்லா ஹெட்போனில் கேட்டுவிட்டு, "ஊசி விழுந்தாக் கேக்கும்" என்றாள். மாதவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஷெட் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று பையரே பாராட்டியதாகப் பிறகு போன் செய்து சொன்னான். எடிட் செய்த அக்காவுக்கும் தேங்க்ஸ் சொல்லச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை அன்புசெல்வி கந்தவேலிடமும் மகளிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

தன் லீவு நாளில் பழனாயி ஸ்டுடியோவைத் தேடிக்கொண்டு வந்தாள். வெளுத்த பச்சைச் சேலை, கையில் தூக்குப்போசி நிறையக் கச்சாயம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அதை யாரும் எடுத்துப் போய்விடாத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே வந்தாள்.

அன்புசெல்வி அவளைப் பார்த்ததும் எழுந்து வாயசைத்தாள். பழனாயியும் வாயசைத்தாள். ஒருத்தி கையை உருட்டினாள், இன்னொருத்தி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். பழைய முதலாளி, கந்தவேலின் இடுப்பு, பழனாயியின் மருமகள் எல்லாம் வந்து போயிற்று. டீ கொண்டுவந்த பிரிசில்லா கதவருகே நின்றுவிட்டாள். சத்தமே இல்லாத அறையில் இரண்டு பெண்கள் சத்தமே இல்லாமல் அவ்வளவு நேரம் பேசியதை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பிரிசில்லாவைக் கண்டதும் பழனாயி குரலைத் திறந்தாள். ஷெட்டில் பேசுகிற உயரத்தில்தான் அது வந்தது.

"கும்பிடறனுங்கம்மா! இந்தப் புள்ளைய நல்லா வெச்சிருக்கறீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்."

"நீங்கதான் நல்லாப் பேசியிருந்திய" என்றாள் பிரிசில்லா.

"என்ன பேசுனேன் போங்க. அன்னைக்குக் காதுக்கு ஒண்ணு வெச்சு உட்டாங்க பாருங்க, பஞ்சாட்டம், என்னாவொரு சொகம்! தலைவலியே வரல. சாயங்காலம் படம் புடிச்சு முடிஞ்சதும் வாங்கிட்டாங்க." பழனாயி தூக்குப்போசியைத் திறந்து நீட்டினாள். "ஒரு நாளைக்காச்சும் குடுத்தாங்களே, அதே பெருசுங்க. எடுத்துக்குங்க, வெல்லம் தூக்கலாப் போட்டிருக்கறேன்."

படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கம்பெனியில் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்களாம். அன்புசெல்வி அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் கொண்டையைக் கொஞ்சம் இறக்கி, ஹெட்போனைக் காதுக்குச் சரியாகப் பொருத்தினாள். ஏசியைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்து, பழனாயி தன் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

படம் ஓடிற்று. தன்னைப் பார்த்ததும் பழனாயி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பேச்சுக்குத் தானே தலையாட்டினாள். பிறகு புல்லாங்குழலும் நின்று, கடைசியில் ஷெட் முழுவதையும் காட்டுகிற காட்சி வந்தது. மூன்று டிராக்கும் அந்த இடத்தில் வெறும் கோடுகள்.

"நல்லா எடுத்திருக்கறீங்க அம்மிணி!" என்று பழனாயி அறையே அதிரச் சொன்னாள். "தறிச் சத்தத்தயும் அப்படியே உட்டிருக்கறீங்க, அது நல்லதாப் போச்சு! தறி ஓடறது சத்தமில்லாட்டி நல்லாவா இருக்கும்?"

அன்புசெல்வி மீட்டரைப் பார்த்தாள். பச்சைக் கோடு படுத்துக் கிடந்தது. கதவருகில் பிரிசில்லா கையில் கச்சாயத்தோடு அப்படியே நின்றாள்.

கம்பெனியின் பெயர் வந்து மறைந்தது. திரை கறுத்தது. அன்புசெல்வி ஹெட்போனைக் கழற்றக் கையை நீட்டினாள். பழனாயி உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டினாள்.

"இரு கண்ணு. இன்னும் தறி ஓடுதுல்ல? நிக்கட்டும், கழட்டித் தர்றேன்."

அன்புசெல்வி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பழனாயி ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கறுத்த திரையைப் பார்த்தபடி, தறி நிற்பதற்காகக் காத்திருந்தாள்.